பேர் போட்ட கொப்பி எங்கே? கொந்தராத்து வேலைக்கு லேபர் கந்தோர் பரிசோதனை வரும்போது



இந்த இதழின் பாடம் எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள் கொந்தராத்து எடுக்கும் நம்ம தம்பிமார்தான். புல்லு வெட்ட, கான் வெட்ட, முள்ளுக் குத்த, கவ்வாத்து வெட்ட, மரம் தறிக்க என்று தோட்டத்திடம் வேலையை மொத்தமாகப் பேசி எடுத்து, பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துச் செய்து கொடுக்கிறவர்கள் இப்போது எத்தனையோ டிவிசன்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்வதும் நம்ம லயத்து ஆட்கள்தான். அக்கா, தங்கச்சி, பெரியம்மா, பென்சன் வயதைத் தாண்டிய தாத்தா கூட உண்டு. அதனால் இரண்டு பக்கத்தாரும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மலையில் பதினொரு பேர் புல்லு வெட்டிக்கொண்டு இருந்தார்கள். கொந்தராத்து எடுத்தவர் அந்த டிவிசனிலேயே பிறந்து வளர்ந்த தம்பி. காலை பத்து மணி இருக்கும், லேபர் ஒபிசர் மிஸ் வந்திட்டாங்க. முன்கூட்டி அறிவித்தல் எதுவும் இல்லை. தம்பிக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவிடம் மெதுவாக, "சும்மா ஒத்தாசைக்கு வந்தோம்னு சொல்லுங்க" என்றார். அந்த அக்காவும் அப்படியே சொன்னாங்க. மிஸ் கோபப்படவில்லை. "ஒத்தாசைக்கு எவ்வளவு காலமா வாறீங்க?" என்று கேட்டாங்க. "ஒன்றரை வருஷமாங்க" என்று பதில் வந்தது.

அடுத்து பேர்க் கொப்பியைக் கேட்டாங்க. தம்பி சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "குட்டி 1, வெள்ளையம்மா மகள் 1, மாமா அரை, லொறிக்காரர் பொஞ்சாதி 1." மிஸ் பார்த்துவிட்டு, "இது யாருடைய மாமா?" என்று கேட்க எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு, "இந்த மாமாவோட ஈ.பி.எப். நம்பர் என்ன?" என்று கேட்டாங்க. அதுக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. சொன்ன நாளில் சொன்ன காசைக் கையில் கொடுப்பவர். யாருக்காவது சுகமில்லை என்றால் தன் செலவில் டவுனுக்குக் கூட்டிப் போனவர். அவர் நினைத்தது என்னவென்றால், நான் ஒரு சின்ன ஆள், நானும் மம்பட்டி பிடிக்கிறவன், எனக்கு எதுக்கு லேபர் சட்டம் என்று. பிழை அங்கேதான் இருக்கிறது.

சட்டம் ஆளின் அளவைப் பார்ப்பது இல்லை. யார் ஆளை வேலைக்கு வைத்தார், யார் சம்பளம் கொடுத்தார், யாருக்காக அந்த வேலை நடந்தது என்றுதான் கேட்கிறது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் தொழில்கொள்வோர் என்ற சொல் இரண்டு பக்கமும் நீளும். தனக்காக ஆளை வைத்தவரும் தொழில்கொள்வோர், இன்னொருவருக்காக ஆளை வைத்தவரும் தொழில்கொள்வோர். ஆகவே கொந்தராத்துக்காரர் "தோட்டத்தைக் கேளுங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. தோட்டம் "கொந்தராத்துக்காரரைக் கேளுங்க" என்று கை கழுவவும் முடியாது.

நடுவில் ஒருவர் நின்று ஆளைக் கொண்டுவருவதும், காசு அவர் கையால் வருவதும் நமக்குப் புதுசு இல்லை. நம்ம பாட்டன் காலத்துப் பெரிய கங்காணி செய்தது அதுதான். அந்தக் காலத்தில் தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கங்காணியைக் குறை சொல்லியே வளர்ந்த பிள்ளைகள் நாம். இன்று கொந்தராத்து எடுக்கும் தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

சரி, பரிசோதனைக்கு எப்படி ஆயத்தமாவது? பரிசோதனைக்கு என்று தனி ஆயத்தம் கிடையாது. ஒபிசர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, முதல் நாள் ராத்திரி லாம்பு வெளிச்சத்தில் ஆறு மாதக் கணக்கை ஒரே பேனையால் எழுதிய கொப்பியை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரே மை, ஒரே எழுத்து, ஒரு பக்கத்திலும் மண் கறை இல்லை. ஒபிசர்மாருக்கு அது ஒரு பார்வையிலேயே தெரியும். கொப்பி அன்றாடம் மலையில் எழுதப்பட வேண்டும். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை.

கொப்பியில் என்ன எழுதுவது? நாம் ஒரு நாள் வேலையைப் "பேர்" என்று சொல்கிறோம். பேர் போட்டாச்சா, அரைப் பேரா, முழுப் பேரா என்று கேட்கிறோம். கொந்தராத்துக் கொப்பியில் அந்தப் பேர் இருக்கிறது, ஆளின் சொந்தப் பெயர்தான் இல்லை. ஆகவே ஒருவர் வேலைக்கு வந்த முதல் நாளே அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அதில் உள்ளபடியே முழுப் பெயரையும் நம்பரையும் எழுதுங்கள். வேலை தொடங்கிய திகதியையும் எழுதுங்கள். அட்டையின் போட்டோ கொப்பி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நாங்கள் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மேசைக்கு வரும் ஈ.பி.எப். பிரச்சினைகளில் பெயர்ப் பிரச்சினை ஓயாத ஒன்று. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, செக்றோலில் மாரியாய், அடையாள அட்டையில் வேறு மாதிரி, அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் இல்லவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒரு அம்மா, நான் நான்தான் என்று நிரூபிக்க கிராம சேவகரிடமும் சமாதான நீதவானிடமும் நடையாய் நடக்கிறார். கொந்தராத்துத் தம்பி முதல் நாளில் ஐந்து நிமிடம் செலவழித்து அட்டையைப் பார்த்து எழுதினால் இந்த நடை மிச்சம்.

அட்டையைப் பார்க்கும்போது வயதும் தெரிந்துவிடும். 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இல் இருந்து 16 ஆகியது. அட்டை எடுக்காத பிள்ளை என்றால் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான வேலைக்கு விடவே கூடாது. மருந்தடிக்கிற வேலைக்கோ மரம் தறிக்கிற வேலைக்கோ, "பையன் நல்லா வளர்ந்திட்டான்" என்று கூட்டிப் போகாதீர்கள்.

இனி காசுக் கணக்கு. பரிசோதனையில் மாட்டுகிற தம்பிமார் வேலையைப் பேசி எடுத்த அன்றைக்கே மாட்டியிருப்பார்கள். விலை பேசும்போது ஆட்களின் நாட்சம்பளத்தையும் தன் லாபத்தையும் மட்டும் கணக்குப் போடுகிறார்கள். ஈ.பி.எப்., ஈ.டி.எப். இரண்டும் ஞாபகத்தில் இல்லை. பிறகு கட்டப் பார்த்தால் கையில் காசு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர், ஆளுக்கு 20 நாள், மொத்தம் 200 பேர். தேயிலைத் தொழிலின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் வந்தது. பாடத்துக்காக 1,350ஐ எடுப்போம். நீங்கள் வேலை செய்யும் மாதத்தில் நடப்பில் உள்ள தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். 200 பேருக்கு 270,000 ரூபா. ஈ.பி.எப்.புக்குக் கொந்தராத்துக்காரர் தன் பங்காகக் கட்ட வேண்டியது 12 வீதம், 32,400 ரூபா. ஈ.டி.எப்.புக்கு 3 வீதம், 8,100 ரூபா. இதைத் தொழிலாளியிடம் ஒரு சதம் கூடக் கழிக்கக் கூடாது. ஆகமொத்தம் 310,500 ரூபா. லாபம், மம்பட்டி, லொறிக் கூலி எல்லாம் இதற்கு மேலேதான் வர வேண்டும். இந்த வேலையை 290,000க்குப் பேசி எடுத்துவிட்டு வந்து வெற்றிலை போட்டுச் சிரிக்கிறவர் யாருடைய காசில் சிரிக்கிறார் என்று பாருங்கள்.

தொழிலாளியின் பங்கு 8 வீதம். அது சம்பளத்தில் கழிபடும். 20 நாள் வேலை செய்தவருக்கு 27,000 ரூபாவில் 2,160 ரூபா குறையும். இங்கேதான் நம்ம ஆட்களே சண்டை பிடிக்கிறார்கள். "ஈ.பி.எப். எல்லாம் வேணாம் தம்பி, முழுக் காசையும் கையில குடுத்திரு" என்று கேட்கிறார்கள். கடன், அடகு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் எங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்த 2,160 கழிபட்டால்தான் கொந்தராத்துக்காரரின் 3,240உம் சேர்ந்து 5,400 ரூபாவாக உங்கள் கணக்கில் விழும். வேண்டாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சட்டத்தில் அது செல்லாது. தற்காலிகம், கைக்காசு, கிலோக் கணக்கு, கொந்தராத்து என்று எந்தப் பெயரில் வேலை செய்தாலும் முதல் நாளில் இருந்தே ஈ.பி.எப். உண்டு. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் உண்டு.

ஈ.பி.எப். காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் ஏறும். பத்து நாளுக்குள் என்றால் 5 வீதம். அது மாதத்துக்கு மாதம் ஏறி, ஒரு வருஷத்தைத் தாண்டினால் 50 வீதத்தில் போய் நிற்கும். மேலே சொன்ன ஒரு மாதக் கணக்கில் 12உம் 8உம் சேர்த்து 20 வீதம், 54,000 ரூபா. ஒரு வருஷம் கழித்துப் பிடிபட்டால் அதற்கு மேலே 27,000. அந்த மாதமே கழிக்காமல் விட்ட 8 வீதத்தைப் பிறகு தொழிலாளியிடம் போய் வாங்கவும் முடியாது. 81,000 ரூபாவும் தன் பையில் இருந்துதான் போக வேண்டும். இது ஒரு மாதத்துக்கு. கட்டாவிட்டால் நீதிமன்றம் வரை போகும், அங்கே தண்டப் பணம் மாதிரி அறவிடுவார்கள்.

முதன்முதலாக ஆளை வைக்கும் தம்பிமார் லேபர் கந்தோரில் டி படிவம் நிரப்பிக் கொடுத்துத் தொழில்கொள்வோர் இலக்கம் எடுக்க வேண்டும். மாதாமாதம் சீ படிவத்தில் ஆள் ஆளாகப் பெயர், நம்பர், சம்பளம், கட்டிய தொகை எழுதிக் காசோடு அனுப்ப வேண்டும். சீ படிவத்தின் பிரதியும் காசு கட்டிய ரசீதும் ஒரே பைலில் இருக்கட்டும். ஒபிசர் சம்பளப் பட்டியலை ஒரு கையிலும் சீ படிவத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். பேர்க் கொப்பியில் பதினொரு பேர், சம்பளப் பட்டியலில் ஒன்பது பேர், சீ படிவத்தில் நாலு பேர் என்றால் அந்த இடத்திலேயே கணக்கு பிடிபடும். மூன்றிலும் ஒரே ஆட்கள் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் என்றால் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது சம்பளத் துண்டும் கொடுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள்.

வேலை செய்கிற பக்கத்தாருக்கு இப்போது ஒரு விஷயம். ஒரு அக்கா, பதின்மூன்று வருஷம் தோட்டச் செக்றோலில் பேர் போட்டவர். பிறகு பிள்ளை பிரச்சினையால் நின்று, ஆறு வருஷம் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தார். 50 வயது வந்ததும் ஈ.பி.எப். எடுக்கப் போனார். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 என்பது தெரியும்தானே. அங்கே தோட்டத்து வருஷங்கள் இருந்தன. கொந்தராத்து வருஷம் ஆறும் இல்லை. இத்தனைக்கும் அந்த ஆள் மாதாமாதம் 8 வீதத்தைக் கழித்து வந்திருக்கிறார்! கழித்த காசு எந்தக் கணக்கிலும் போகவில்லை. ஆளும் இப்போது ஊரில் இல்லை. சம்பளத் துண்டு ஒன்று கூட அவர் கொடுத்ததில்லை.

அந்த அக்காவிடம் இருந்தது ஒன்றுதான். டவுனில் புடைவைக் கடையில் கொடுத்த முருகன் படக் கலண்டர்கள். அவருடைய மகள் சின்ன வயதிலேயே அம்மா வேலைக்குப் போன நாளில் எல்லாம் கலண்டரில் ஒரு கோடு போட்டு, மாதக் கடைசியில் வந்த காசையும் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறது. நாலு வருஷத்துக் கலண்டர் தகரப் பெட்டியில் அப்படியே இருந்தது. லேபர் கந்தோரில் அதை வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை. கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தையும் எடுத்து, அந்த ஆளுக்குத் தோட்டம் கொடுத்த பில்களையும் கேட்டு விசாரணையைத் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை. நாங்கள் அந்த அக்காவோடு மூன்று தடவை கந்தோருக்குப் போய் வந்திருக்கிறோம்.

ஆகவே கொந்தராத்து வேலைக்குப் போகிற வீடுகளில் கலண்டரில் கோடு போடுங்கள். யாரிடம், எந்த மலையில், என்ன வேலை என்று இரண்டு சொல் எழுதுங்கள். மத்திய வங்கியில் இருந்து வரும் ஈ.பி.எப். கணக்குத் துண்டைக் கொந்தராத்துக்காரரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர் ஏன் கேட்கிறாய் என்று முறைத்தால், அப்போதே லேபர் கந்தோருக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

லேபர் ஒபிசர் வரும் அன்றைக்கு என்ன நடக்கும்? அறிவித்துவிட்டு வரலாம், அறிவிக்காமலும் வரலாம். 1947ஆம் ஆண்டின் தொழில் பரிசோதனை பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்டது. அதன்படியும் நம்ம சட்டத்தின்படியும் பரிசோதகருக்கு வேலை நடக்கும் இடத்துக்குள் வரவும், புத்தகங்களைப் பார்க்கவும், ஆட்களைத் தனியாக விசாரிக்கவும் அதிகாரம் இருக்கிறது. யாருடைய முறைப்பாட்டில் வந்தோம் என்று அவர் வெளியே சொல்லக் கூடாது. இதைத் தொழிலாளர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொந்தராத்துத் தம்பிமாரும், அவர் போனபிறகு "எவன் பெட்டிசம் போட்டான்?" என்று லயத்தில் விசாரணை வைக்கும் வேலையை விட்டுவிடுங்கள். ஆட்களுக்குப் பொய் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். ஒத்தாசைக் கதை என்ன ஆனது என்று முதலிலேயே பார்த்தோமே. இல்லாத புத்தகத்தை இல்லை என்று சொல்லிவிட்டு, எப்போது கொண்டுவர முடியும் என்று நாள் கேட்பது நல்லது. ஒபிசர் எழுதும் குறைகளை வாசித்து விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்து விளங்காவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வேறு சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மருந்தடிக்கிறவர்களுக்குக் கையுறை, சப்பாத்து, முகமூடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையில் அடிபட்டால் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் கொந்தராத்து ஆட்களுக்கும் பொருந்தும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் சேரும். லொறியில் ஆட்களை அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சேவைக்காலப் பணம் பதினைந்து பேருக்குக் குறையாமல் வைத்திருப்பவர் கொடுக்க வேண்டியது. ஐந்து வருஷம் முடித்த நாட்கூலி ஆளுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். ஐந்து வருஷம் ஆகக் கூடாது என்று ஆட்களை இடையில் ஒரு வாரம் நிறுத்திப் புதுப் பேர் போடுகிற தந்திரத்தை நாங்கள் கேள்விப்படுகிறோம். இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

தோட்ட ஆபிசுகளுக்கும் ஒரு வார்த்தை. கொந்தராத்து பில்லைப் பாஸ் பண்ணும் முன்னால் போன மாதத்துச் சீ படிவத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பேச்சோடு நில்லாமல் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள், அதில் ஈ.பி.எப்., ஈ.டி.எப். தொகையைத் தனியாகக் காட்டுங்கள். ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்று இருந்தால், அந்தக் குறைந்த விலை எங்கிருந்து வந்தது என்று பிறகு நீங்களும்தான் பதில் சொல்ல வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாங்கள் ஒதுங்கவில்லை. எங்கள் வீட்டுத் திட்டங்களிலும் மேசன்மார், கையாட்கள் எல்லாரும் கொந்தராத்தில்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பைல்களை நாங்களும் திறந்து பார்த்தோம். பார்த்தது எல்லாம் சந்தோஷமாக இருக்கவில்லை. இப்போது திருத்திக்கொண்டு வருகிறோம்.

அந்தப் புல்லு வெட்டிய தம்பியின் கதை பாக்கி இருக்கிறது. மிஸ் அவருக்கு நாள் கொடுத்துவிட்டுப் போனாங்க. தம்பி எங்களிடம் ஓடி வந்தார். பத்தாம் வகுப்புப் படித்த அவருடைய தங்கச்சியைக் கூட்டி வரச் சொன்னோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் உட்கார்ந்து, பதினொரு பேரின் அட்டையையும் வாங்கி ஒவ்வொரு பெயராக எழுதினோம். மாமா யாருடைய மாமா என்பதும் தெரிந்துவிட்டது! ஒன்றரை வருஷத்து பாக்கியையும் மிகைக்கட்டணத்தையும் கட்ட மோட்டார் சைக்கிளை விற்றார். தவணையாகக் கட்டவும் கந்தோரில் கேட்டுக்கொண்டார். அடுத்த கொந்தராத்தை 15 வீதத்தையும் சேர்த்துப் பேசினார். தோட்டம் முதலில் முடியாது என்றது, பிறகு ஒத்துக்கொண்டது.

போன மாதம் மிஸ் திரும்பவும் வந்தாங்க. கொப்பி, சம்பளப் பட்டியல், சீ படிவம் மூன்றிலும் பதினொரு பேர் இருந்தார்கள். ஈ.டி.எப். மட்டும் ஒரு மாதம் பிந்தியிருந்தது. அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போனாங்க.

டி படிவம், சீ படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறு காலையில் பிள்ளை மடுவத்துக்கு வாங்க. வரும்போது அடையாள அட்டைகளையும் கையில் இருக்கிற கொப்பியையும், எந்த நிலைமையில் இருந்தாலும், அப்படியே கொண்டு வாங்க.